மாதா பீடத்துக்கு நான் போட்ட மூன்றாவது ஓட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை நோட்டை எடுத்து முதல் வரியை எழுதிக் கிழித்தும் போட்டேன். விசுவாசத்தைக் கேலி செய்கிறான் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். என்னைக் கேலி செய்வார்களே என்ற பயம் இன்னொரு பக்கம். (உள்ளதைச் சொன்னால் இரண்டாவது பயம்தான் பெரிது.) ஆனால் போன மாதம் ஆவுடையார்கோவில் பக்கமிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்து, கையில் தண்ணீர் கேனோடு என் மாவு மில் வாசலில் நின்று, "அண்ணே, இங்க சுவத்துல ஊத்து வார வீடு எதுங்க?" என்று என்னிடமே கேட்டார்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுதான் பாவம் என்று பட்டது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். விராலிமலைக்குப் பக்கத்துக் கிராமம். பெயர் சவரிமுத்து. மில்லில் பெல்ட் அறுந்தால் நானே மாட்டுவேன், கல் தேய்ந்தால் நானே கொத்துவேன். இதனால் எனக்குள் ஒரு நோய் புகுந்துவிட்டது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் 'இதுக்குள்ள என்னதான் இருக்கும்?' என்று கை அரிக்கும். வீட்டில் ஒரு வேலைக்கு ஆள் கூப்பிட்டுக் கூலி கொடுப்பது என்றால் மானக்கேடாக இருக்கும். ஹால் ஃபேனை நான் கழற்றி மாட்டிய பிறகு அது காற்றை மேலே அனுப்பியது. (எங்கள் வீட்டுக் கூரைக்கு ஒரு நாளும் வியர்த்ததில்லை.) வாசல் விளக்குக்கு சுவிட்ச் போட்டால் மாட்டுக்கொட்டகையில் எரியும். என் மனைவி பிலோமி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். வெளியாள் யாராவது கேட்டால் மட்டும், "எங்க வீட்டுக்காரரு வேலைங்க" என்பாள். அது பெருமையா புகாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அக்டோபர் மாதம் முழுக்க எங்கள் ஊரில் மாதா சுரூபம், அதாவது சிலை, வீடு வீடாக வரும். ஒரு நாளைக்கு ஒரு வீடு. சாயந்திரம் தெருவே பாடிக்கொண்டு முந்தின வீட்டிலிருந்து தூக்கி வரும். எல்லாரும் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லி, சுண்டல் சாப்பிட்டுக் கலைவோம். புது வீடு கட்டி முடித்த பிறகு எங்கள் முறை வருவது அதுதான் முதல் தடவை. மற்ற வீடுகளில் மேசை மேல் பட்டுச்சேலை விரித்து மாதாவை வைப்பார்கள். பிலோமிக்கு அது போதவில்லை. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி சுவரிலேயே ஒரு பீடம் வேண்டும் என்றாள். தேக்குப் பலகையில் ஆசாரி அழகாகத்தான் செய்து கொடுத்தார். மாட்டித்தரக் கூலி சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. நாலு ஓட்டை போட இவ்வளவா? நேராகப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி, அந்தக் கூலியைப் போல மூன்று மடங்கு கொடுத்து ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கி வந்தேன். மிச்சம் பிடிப்பதில் என் வழி அது.

"எந்தச் சுவத்துலங்க மாட்டப் போறீங்க?" என்றாள் பிலோமி.

"வாசலுக்கு நேரா, இதுலதான்."

"அது பாத்ரூம் சுவருல்ல? மாதாவ அங்கிட்டா வைக்கிறது?"

"பாத்ரூம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஹாலு. சுவத்துக்கு ரெண்டு பக்கம் இருக்கும்டி."

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். அவள் பக்தியால்தான் சொன்னாள், ஆனால் அந்தப் பக்தி பிளம்பர் சொல்வதைத்தான் சொன்னது.

எங்கள் முறை வந்த நாள் காலையில் முதல் வேலையாக மாடித் தொட்டியைக் காலி செய்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். ஊரே வந்து கை கால் கழுவுமே. ஒரு கரண்டி போதும் என்று டப்பாவில் போட்டிருந்தது. நான் தாராளமாகப் போட்டேன். அலசுவதில் மட்டும் கொஞ்சம் சிக்கனம்.

பிறகு போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மெஷினைக் கையில் எடுத்தேன். வீடியோவில் வந்தவர் இட்லியில் விரல் விடுகிற மாதிரி ஓட்டை போட்டார். எனக்கும் முதல் இரண்டு ஓட்டை நன்றாகவே விழுந்தன. செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டியது. மூன்றாவது ஓட்டையில் பாதி வழியில் சத்தம் மாறியது. தூளும் மாறியது. தேங்காய் துருவின மாதிரி வெள்ளையாக, சுருள் சுருளாக வந்தது. மாவு மில்காரன் எதையும் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்க்காமல் விடமாட்டான். தேய்த்துப் பார்த்தேன். அரிசி மாவும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. முகர்ந்தும் பார்த்தேன். 'கொத்தனாரு ஏதோ ஒசத்தியான சிமெண்டு போட்டிருக்காரு' என்று முடிவு கட்டி, ஓட்டையில் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி ஸ்குரூவை முறுக்கினேன். எதையும் கடைசிவரை தோண்டிப் பார்க்கிறவன், அன்றைக்கு மட்டும் அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

தொட்டி காலியாக இருந்ததால் அப்போது ஒரு சொட்டும் வரவில்லை. சாயந்திரம் பிலோமி மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினாள்.

மாதா வந்தாங்க. வீடு கொள்ளாமல் ஜனம். சுரூபத்தைப் பீடத்தில் ஏற்றி வைத்ததும், "அட, நல்லா அமைஞ்சிருக்கே!" என்று நாலைந்து பேர் சொன்னார்கள். என் நெஞ்சு சட்டைப் பட்டனைத் தெறிக்க வைக்கப் பார்த்தது. உபதேசியார் ஜெபமாலையை ஆரம்பித்தார். எங்கள் ஊரில் சாமியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்துகிறவர் அவர்தான். ஐந்து தேவ இரகசியங்களில் மூன்றாவது போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு லூர்து அக்கா பிலோமியின் தோளை இடித்தார்.

"ஏய், அங்க பாரு. சுவரு மினுமினுங்குது."

"எங்கிட்டு?"

"மாதா காலுக்குக் கீழடி. ஆத்தாடி, தண்ணி வருது!"

ஜெபம் நின்றது. பலகைக்கு அடியிலிருந்து ஒரு ஈரக்கோடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"சவரி, காலையில இந்தச் சுவரு காஞ்சுதான் இருந்துச்சா?"

"காஞ்சுதாங்கய்யா இருந்துச்சு."

(ஒரு வார்த்தை பொய் இல்லை. சாத்தான் என்னிடம் வேலை செய்தது இப்படித்தான்.)

அவ்வளவுதான். வீடே முழங்காலில் விழுந்தது. மறைக்காமல் சொல்கிறேன், நானும் விழுந்தேன். எங்கோ தூர தேசத்தில் மாதா காட்சி கொடுத்த குகையில், கெபியில், ஊற்று வந்ததாகச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். நம் வீட்டில் ஏன் வரக்கூடாது? ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அப்புறம்தான் தேங்காய்த் துருவல் ஞாபகம் வந்தது.

பிலோமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் நாலு பேர் முன்னால் அவள் என் கையைப் பிடித்ததில்லை. "ஏங்க, நம்ம வீட்டத் தேடி வந்திருக்காங்கங்க" என்று அழுதாள். அந்த முகத்தைப் பார்த்து, 'அது குழாயிடி' என்று எப்படிச் சொல்வது?

இதற்குள் ஒருவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "மருந்து வாசன அடிக்குதே!"

"நோயத் தீக்க வந்த தண்ணி மருந்து வாசன அடிக்காம மல்லியப்பூ வாசனையா அடிக்கும்?" என்றார் லூர்து அக்கா.

எனக்கு ஒரு யோசனை வந்தது. (எனக்கு யோசனை வருவதுதான் வீட்டுக்கு ஆபத்து.) சத்தமில்லாமல் மாடிக்குப் போய் வால்வை மூடிவிட்டால் தண்ணீர் தானாக நின்றுவிடும். ஒரு நாள் வந்தது, நின்றது என்று போய்விடுவார்கள். நாளைக்கு ரகசியமாக அடைத்துக்கொள்ளலாம். ஓடிப்போய் மூடிவிட்டு இறங்கி வந்தேன்.

நான் உள்ளே வரவும் வாசலில் ஆரோக்கியம் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஆரோக்கியம் பிலோமியின் தம்பி. நெல் மூட்டையைத் தனி ஆளாகத் தூக்கி லாரியில் போடுகிற உடம்பு. சாயந்திரமானால் ஹைவேஸ் ஓரம் கடைக்குப் போய்விட்டுத்தான் வீடு திரும்புவான்.

"தண்ணி நின்னு போச்சு!" என்று கத்தினார் லூர்து அக்கா. "இவ்வளவு நேரம் வந்துச்சே. இப்ப யாரு உள்ள வந்தது?"

எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பின. ஆரோக்கியம் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மறு செருப்போடு நின்றான்.

"எதுக்கு எல்லாரும் என்னையவே பாக்குறீங்க?"

"குடிச்சிருக்கியாடா?" என்றாள் பிலோமி.

"கொஞ்சந்தான்க்கா."

"பாவி! என் வீட்டுக்கு வந்த மாதாவ வெரட்டிட்டியேடா!"

விஷயம் என்னவென்று பக்கத்தில் இருந்தவர்கள் அவனுக்குச் சொன்னார்கள். சுவரைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து கைக்குழந்தை மாதிரி அழுதான். என்னால் தாங்க முடியவில்லை. வால்வை மூடினவன் நான், பழி சுமக்கிறவன் அவன். தண்ணீர் திரும்ப வந்துவிட்டால் அவனை விட்டுவிடுவார்கள் என்று மறுபடி மாடிக்கு ஓடித் திறந்துவிட்டேன்.

இறங்கி வரும்போது அவன் முழங்காலில் நடந்து பீடத்துக்கு முன்னால் போய்விட்டிருந்தான். "தாயே, இனிமே தொட மாட்டேன். சத்தியமாத் தொட மாட்டேன்" என்று அவன் சொல்லி முடிக்கவும், தண்ணீர் முன்னைவிட வேகமாக இறங்கவும் சரியாக இருந்தது. அப்போது எழும்பின சத்தம் மெயின் ரோடு வரை கேட்டதாம். உபதேசியார் பாட்டை எடுத்தார். நாலைந்து போன்கள் வீடியோ எடுத்தன. நான் மாடிப்படி அடியில் நின்று மூச்சு வாங்கினேன். என் வாழ்க்கையில் நான் கை வைத்து, நினைத்த நொடியில் வேலை செய்தது அந்த வால்வு ஒன்றுதான்.

இப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிலோமிக்குச் சந்தோஷம், ஆரோக்கியத்துக்கு நல்ல புத்தி, யாருக்கு என்ன நஷ்டம்? அப்போது லூர்து அக்கா டம்ளர் நிறையப் பிடித்து, முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்தார்.

"எங்க அக்கா போறீங்க?"

"பேரனுக்கு மூணு நாளாக் காய்ச்சல் தம்பி. ஏழு மாசப் புள்ள. ரெண்டு சங்கு இதப் போட்டா விட்ரும்."

எனக்குக் காலையில் தாராளமாகப் போட்ட கை ஞாபகம் வந்தது. ஓடி வாசலை மறித்துக்கொண்டேன்.

"அக்கா, குடுக்காதீங்க. அது டேங்க் தண்ணி. ப்ளீச்சிங் பவுடரு. நான் குழாயில ஓட்டையப் போட்டுட்டேங்க்கா."

யாரும் நம்பவில்லை! "தம்பிக்குச் சந்தோஷத்துல மூள கொழம்பிருச்சு" என்றார் அக்கா. உபதேசியார், "சவரி, விசுவாசக் குறைவாப் பேசாத" என்று அதட்டினார். "வழிய விடு தம்பி, புள்ள அங்க அழுதுகிட்டுக் கெடக்கு" என்று அக்கா என்னைத் தள்ளினார்.

வேறு வழியில்லை. மாதாவைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு, சுரூபத்தைத் தூக்கிப் பிலோமி கையில் கொடுத்தேன். பலகையைக் கழற்றினேன். மூன்றாவது ஸ்குரூவைத் திருகி இழுத்தேன். உள்ளே இருந்த பிளக்கும் சேர்ந்து வந்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்து உபதேசியாரின் கண்ணாடியைத் தூக்கிச் சுண்டல் சட்டியில் போட்டது. முன்வரிசை முழுக்கக் குளித்தது. அந்த வாசனையில் நாலு பேர் இருமினார்கள். ஓட்டைக்குள் வெள்ளைக் குழாய் எல்லாருக்கும் தெரிந்தது.

நான் மூன்றாம் முறையாக மாடிக்கு ஓடினேன். திரும்பி வந்தேன். பிலோமி என்னைப் பார்க்கவே இல்லை. லூர்து அக்கா டம்ளரை முற்றத்தில் கொட்டிவிட்டு, கையை முகர்ந்து பார்த்தார். ஈரத்தில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியம்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அப்ப நான் அழுததெல்லாம் என்ன கணக்கு மச்சான்?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும். உபதேசியாரும் சிரித்தார், கண்ணாடியில் ஒட்டியிருந்த கொண்டைக்கடலையை எடுத்துக்கொண்டே. பிலோமி உள்ளே போய்த் தன் கல்யாணச் சேலையை எடுத்து வந்தாள். முற்றத்தில் மேசை போட்டு, சேலை விரித்து, எல்லா வீட்டையும் போலவே மாதாவை வைத்தோம். மிச்ச ஜெபமாலையை அங்கே சொன்னோம். அன்று சொன்ன மாதிரி நான் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை.

மறுநாள் பிளம்பர் பாதிச் சுவரை உடைத்தார். "யாருங்க போட்டது? கொழாய்க்கு நட்ட நடுவுல எறக்கியிருக்காரு. நாங்க தேடினாலே இப்படிச் சிக்காது" என்றார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்கார்ந்திருந்த மரக்கூண்டுக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு, ஆறு மாதம் ஸ்குரூ டிரைவரைத் தொடக்கூடாது என்று அபராதம் கொடுத்தார்.

இன்றும் நான் ஒரு சுத்தியலை எடுத்தால் போதும், பிலோமி சுவர் மேலாகக் குரல் கொடுப்பாள்: "லூர்து அக்கா, டம்ளர எடுத்துட்டு வாங்க!" அந்தப் பக்கமிருந்து, "ப்ளீச்சிங் போட்டாச்சான்னு கேளு பிலோமி" என்று பதில் வரும். காய்ச்சல் கண்ட அந்தப் பேரன் விராலிமலை ஆஸ்பத்திரி மருந்தில் தேறி, இப்போது ஒன்றாம் வகுப்பு போகிறான். அவனும் என்னை 'ஊத்து மாமா' என்றுதான் கூப்பிடுகிறான்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆரோக்கியம் அன்றோடு விட்டவன் விட்டவன்தான். குழாயைத் தன் கண்ணால் பார்த்த பிறகும் ஏன் விட்டான்? எதையும் பிரித்துப் பார்க்கிற புத்தியில் ஒரு நாள் அவனிடமே கேட்டேன்.

"மாப்ள, அது டேங்க் தண்ணின்னு தெரிஞ்சுபோச்சு. வால்வ மூடுனதும் தெறந்ததும் நான்தான்னும் சொல்லிட்டேன். பொறவு ஏன்டா நீ மறுபடி போகல?"

"வால்வ நீ மூடுன மச்சான். சரிதான். ஆனா தண்ணி நின்னதும் ஒரு வீடே என்னையத்தான் திரும்பிப் பாத்துச்சு. அத நீயா திருப்பிவிட்ட?"

எந்த ஸ்பேனரை வைத்து அதைக் கழற்றிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். போனில் சுற்றுகிற வீடியோவை விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். ஆரோக்கியத்தைச் சொல்லும்போது வால்வை விட்டுவிடாதீர்கள். வால்வைச் சொல்லும்போது ஆரோக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.