விரதக்காரர் தலையில் விழுந்த இலத்திரன்கள்

“கடலில போறவனுக்கே றேடியோ ஒழுங்காக் கேக்குதில்லை. இவள் றேடியோவால ஆகாயத்தை ஆட்டப் போறாளாம்.”

போர்நிறுத்தக் காலத்தில் என் மாமா சொன்னது இது. சுருவில் என்ற கடற்கரைக் கிராமத்தில் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், உயர்தர வகுப்புவரை வந்தவள் நான். அந்தத் திமிர் அப்போது நிறையவே இருந்தது. (இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.) வேலணை விஞ்ஞானக் கண்காட்சியில் தெரிவானால் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படிக்கலாம், இல்லாவிட்டால் மாமி வீட்டில் தையல் என்று அப்பா சொல்லியிருந்தார்.

நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் மிகத் தாழ்ந்த மீடிறன் (அதிர்வெண்) வானொலி அலைகள் கொஞ்சம் மேலேயும் கசியும். பூமியைச் சுற்றிய கதிர்வீச்சுப் பட்டையில் அகப்பட்டிருக்கும் இலத்திரன்கள் சிலவற்றை அந்த அலைகள் தட்டிவிட, இலத்திரன்கள் வளிமண்டலத்தில் விழும். இதைக் காட்ட ஒரு மாதிரி செய்வதுதான் என் விடயம்.

பட்டைக்கு அப்பாவின் வலை. தலைக்கு மேலே பந்தல்போலக் கட்டினேன். இலத்திரன்களுக்கு வீட்டில் தாராளமாக இருந்த காய்ந்த கூனி இறால். (அதற்கு மணம் உண்டென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.) அலைக்கு வலையில் கட்டிய கயிறு. அதை மெல்ல, தாளம் தப்பாமல் ஆட்டினால் நாலைந்து மட்டும் விழும்.

நடுவராக வந்த விரிவுரையாளர், வெள்ளை வேட்டியுடன் நேரே வலைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“எங்கை, அலையை அனுப்பும் பாப்பம்.”

பதற்றத்தில் கை படித்ததை மறந்து பழகியதைச் செய்தது. வள்ளத்தில் வலை ஏற்றுவதுபோல ஒரே இழுவை. முழுப் பட்டையும் அவர் தலையில் கொட்டியது.

“சேர் விரதமெல்லோ,” என்றார் எங்கள் ரீச்சர், அழாக்குறையாக. “நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போற வழியில வந்தவர்.”

தபசு காலத்தைத் தவிர வேறு விரதம் அறியாத கத்தோலிக்க வேதக்காரப் பிள்ளை நான். அம்மன் கோயில் கொடியேற்றம் நினைவிலேயே இல்லை.

அவர் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கூனியை எடுத்தார். “உண்மையிலயும் இப்பிடி எல்லாம் விழுமோ?”

“இல்லை சேர். அலைக்குப் பொருந்தி அசையிறது மட்டுந்தான் வழி மாறி விழும். நான் கூடுதலா இழுத்திட்டன்.”

“விளக்கம் சரி. உம்மைத் தெரிவு செய்யிறன். யாழ்ப்பாணத்துக்கு இறாலை விட்டிட்டுக் கடுகோட வாரும்.”

பிறகு கிணற்றடியை விசாரித்துக்கொண்டு போனார். இரண்டு காகங்களும் கூடவே போயின. அவர் தலை தோய்ந்துவிட்டு வர, குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகு போய்விட்டதாம்.

இன்றும் மழை தூறினால் அப்பா அம்மாவைக் கூப்பிடுவார்: “இஞ்சரும், இலத்திரன் விழுது. சட்டியைக் கொண்டு வாரும்.”

நான் சிரிப்பதில்லை. போன கிழமை பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பட்டத்துக்குப் பௌதிகவியல் என்று எழுதிக் கொடுத்தேன். இந்தமுறை கையொப்பம் வைத்த பிறகுதான் அப்பாவுக்குச் சொன்னேன்.