பிப்பினுக்குப் பத்தொன்பது குறைகள்

பொய்யே சொல்லாமல் என் மனைவியை ஏமாற்றிவிடுவது என்று அக்டோபர் முதல் வாரத்தில் முடிவு செய்தேன். பொய் சொல்லி ஏமாற்றுவதில் எனக்கு இருபத்தாறு வருஷ அனுபவம் உண்டு. ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அதனால்தான் இந்தப் புது வழி.

விஷயம் என் கார். பெயர் பிப்பின். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போய்விட்டது. 1971-ம் வருஷத்துச் சின்னக் கார், இரண்டு கதவு, வெளிறிய மஞ்சள். மினசோட்டாவில் முப்பது குளிர்காலம் பார்த்த காருக்கு அடிப்பக்கம் என்று ஒன்று மிச்சமிருப்பதே பெரிய விஷயம். பனி உருகுவதற்காகச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு காரை அரிக்கும். எங்கள் ஊரில் உப்பு லாரி ஓட்டுவது நான்தான். ஆக, சம்பளம் வாங்கிக்கொண்டு என் காரை நானே அரித்திருக்கிறேன்.

இருந்தாலும் அது எனக்கு உயிர். ஞாயிறு மத்தியானம் போய் அதில் உட்கார்ந்துகொள்வேன். ஓட்டமாட்டேன். அது ஓடுகிற மனநிலையில் இருப்பது அபூர்வம். சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரேடியோவில் பேஸ்பால் கேட்பேன். அந்த இரண்டு மணி நேரம் நான் ராஜா.

ராஜாவின் அரண்மனை எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே கராஜ். என் மனைவி ஆர்டிஸின் கார் வெளியே நிற்கும். பதினோரு குளிர்காலமாகக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போகிறாள். சுரண்டும்போது சமையலறை ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பாள். நான் காபியை வேறு பக்கம் திரும்பிக் குடிப்பேன்.

"வெர்லின், முதல் பனி விழறதுக்குள்ள அந்தக் கார் போகணும்."

"எங்கே போகணும்?"

"எங்கேயோ. நீயும் கூடப் போறதா இருந்தா சொல்லு, ரெண்டு சாண்ட்விச் கட்டித் தரேன்."

"வித்துடறேன்" என்றேன்.

"என்ன, உடனே ஒத்துக்கிட்டே? உடம்பு சரியில்லையா?"

"நேர்மையா வித்துடறேன். உள்ளது உள்ளபடி விளம்பரம் எழுதப்போறேன்."

இதுதான் என் திட்டம். பிப்பினைப் பற்றிய உண்மையைச் சொன்னால் மூளையுள்ளவன் எவனும் வாங்கமாட்டான். விற்க முயற்சி செய்ததாகவும் இருக்கும், காரும் விற்காது. என் மேல் யார் குற்றம் சொல்ல முடியும்?

அன்றைக்கே எழுதினேன். ஓட்டுநர் கதவு வெளியிலிருந்து திறக்காது. வலது பக்கம் திரும்பினால் ஹார்ன் தானாக அடிக்கும். இடது பக்கம் திரும்பினால் அழுத்தினாலும் அடிக்காது. வைப்பர் மழையில்லாத நாளில் மட்டும் வேலை செய்யும். ஹீட்டர் இடது காலை மட்டும் வேகவைக்கும். பெட்ரோல் முள் பதினைந்து வருஷமாகப் பாதியில் நிற்கிறது. தரையில் ஒரு ஓட்டை. அதை மூடியிருப்பது பிஸ்கட் சுடுகிற தட்டு. இப்படிப் பதினான்கு குறைகள்.

ஆர்டிஸ் நிதானமாகப் படித்தாள்.

"தட்டு அங்கேதான் இருக்கா? நாலு வருஷமாத் தேடறேன். சரி, இவ்வளவுதானா?"

"பதினாலு பத்தாதா?"

"வாங்கினவங்க முகத்துல ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முழிக்கணும் வெர்லின். உனக்கு மட்டும் தெரிஞ்ச குறை எதையும் விட்டுடலையே?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்கிறாளே! உட்கார்ந்து இன்னும் ஐந்து எழுதினேன். எந்த வயர் எங்கே அறுந்திருக்கிறது, எந்த நட்டு எப்போது கழன்றது என்று படம் வேறு போட்டேன். மொத்தம் பத்தொன்பது. விளம்பரம் உள்ளூர் வாரப் பத்திரிகையில் வந்தது.

இரண்டு வாரம் ஒருத்தரும் கூப்பிடவில்லை. போன் அடிக்கும்தான். ஆர்டிஸ்தான் எடுப்பாள். "யாரு?" என்பேன். "ராங் நம்பர்" என்பாள். பதினோரு ராங் நம்பர் வந்தது. எங்கள் ஊர் டெலிபோன் இலாகாவின் லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன். கராஜ் பக்கம் நான் எட்டிப் பார்க்கவே இல்லை. விற்பதில் முனைப்பாக இருப்பவன் காரில் போய்க் கொஞ்சிக்கொண்டிருக்கக் கூடாதல்லவா? ஆர்டிஸின் கையில் எண்ணெய் வாசனை அடித்தது. டோனட் சுடப்போகிறாள் என்று காத்திருந்தேன். டோனட் வரவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு ஆள் வந்து நின்றார். பெயர் ஓரின் ஸ்கோக்மோ. பீட்ரூட் பயிர் செய்கிறவர்.

"உங்க வீட்டம்மா இன்னைக்கு வரச் சொன்னாங்க" என்றார்.

அவள் எப்போது சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் கையில் உண்மை இருக்கிறதே. கராஜுக்குக் கூட்டிப்போனேன்.

"முதல்லயே சொல்லிடறேன். இந்தக் கதவு வெளியிலிருந்து திறக்காது" என்று கைப்பிடியை இழுத்தேன்.

திறந்தது.

"ஏதோ இன்னைக்கு..." என்றேன். "பரவாயில்லை, ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினா ஹார்ன் அடிக்காது பாருங்க."

பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்கு அடித்தது.

"ஸ்டார்ட் ஆகாது."

ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆயிற்று. பெட்ரோல் முள் பாதியிலிருந்து எழுந்து முழுசுக்குப் போனது. தரையைப் பார்த்தேன். பளபளவென்று தகடு அடித்திருந்தது. சுவரில் ஒரு ஆணி. ஆணியில் என் விளம்பரம். பத்தொன்பது குறைகளுக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் டிக். ஓரத்தில் கிரீஸில் ஒரு பெருவிரல் ரேகை.

என் மாமனார் டிராக்டர் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தவர். ஆர்டிஸ் ஒன்பது வயதில் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியவள். இதை நான் இருபத்தாறு வருஷம் மறந்திருந்தேன். 'ராங் நம்பர்' பதினோரு பேரையும் தள்ளித் தள்ளிப் போட்டு, என் லிஸ்டை வைத்தே வேலையை முடித்திருக்கிறாள்.

"மோசமில்லை" என்றார் ஓரின்.

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. கல்யாணத்தன்று ஆர்டிஸைப் பற்றி நானே இவ்வளவுதான் சொன்னேன்.

"குறை இருக்குங்க, நிறைய இருக்கு!" என்று கெஞ்சினேன்.

"தெரியும் தெரியும். சொந்தப் பொருளை உசத்திப் பேசறவன்கிட்ட நான் வாங்கறதில்லை. உங்க அளவுக்கு அடக்கமான ஆளை நான் பார்த்ததே இல்லை. கேட்ட விலையைக் கொடுத்துடறேன்."

எனக்கு அழுகை வந்தது. ஓடாதபோதே உயிரை வைத்திருந்தேன். இப்போது அது ஓடவும் செய்கிறது! கடைசியில் உண்மையிலும் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு விற்க மனசில்லைங்க."

ஓரின் தலையை ஆட்டிச் சிரித்தார். எங்கள் ஊர் வழக்கம் அப்படி. காபி வேண்டுமா என்றால் முதல் தடவை வேண்டாம், இரண்டாவது தடவை வேண்டாம். இரண்டும் மரியாதைக்குச் சொல்வது. மூன்றாவது தடவை சொன்னால்தான் அது வேண்டாம்.

"நெஜமாவே மனசில்லைங்க" என்றேன், இரண்டாவது தடவை.

"சும்மா இருங்க, நான் நல்லாப் பார்த்துக்கறேன்."

மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தேன். திறந்த வாயில் பாகாக ஒட்டும் பெரிய கேரமல் கேக் துண்டு ஒன்று வந்து நுழைந்தது. பின்னால் தட்டோடு ஆர்டிஸ்.

"சூடா இருக்கு, வாயை மூடிச் சாப்பிடு. ஓரின், நீங்க எடுத்துக்கலையா?"

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொண்டன. நான் "ம்ம்! ம்ம்!" என்றேன்.

"பாருங்க, ஒத்துக்கிட்டாரு" என்று ஓரின் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிப்பின் தெருமுனையில் வலது பக்கம் திரும்பியது. ஹார்ன் அடிக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. கேரமல் பாதி, துக்கம் பாதி. ஆர்டிஸ் தன் காரைக் கொண்டுவந்து கராஜில் நிறுத்தினாள். இறங்கி, கதவைச் சாத்தி, காரின் கூரையைத் தடவிக் கொடுத்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாயிற்று. கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் நீட்டினாள்.

"எதுக்கு?"

"கொல்லையில உன் மீன்பிடிப் படகு நிக்குதே. அதுல என்னென்ன குறைன்னு எழுது. நீ நேர்மையா எழுதறே."

ஒருதரம்தான் ஏமாறுவேன். தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அதுல ஒரு குறையும் கிடையாது. புதுப் படகு மாதிரி இருக்கு!"

"அப்படியா? அப்போ எனக்கு வேலை மிச்சம்" என்றாள் ஆர்டிஸ். "நாளைக்கே வாங்கற ஆளை வரச் சொல்லிடறேன்."