தரையிறங்கும் விளக்குச் சுற்றறிக்கை

மருதனார்மடம் சந்தியில், கைத்தொலைபேசி திருத்தும் கடை ஒன்றின் மேல்மாடியில் ஒரு விமானப்படை இயங்கிவந்தது. படையில் மூன்று பேர்: கடைக்காரன் ஜெஸீம், மருந்துக்கடையில் வேலை செய்யும் நிரோஜினி, தபால்காரன் பிரகாஸ். விமானங்களும் மூன்று. அவை கணினித் திரையை விட்டு ஒருநாளும் வெளியே வந்ததில்லை.

பிரகாஸ் கனத்த குண்டுவீச்சு விமானத்தை ஓட்டுவான். மற்ற இருவரும் சின்னச் சண்டை விமானங்களில் காவல் போவார்கள். இப்படி வெவ்வேறு வகை விமானங்கள் சேர்ந்து பறப்பதற்குக் கலப்பு அணி என்று பெயர். பெரியது மெதுவாகப் போகும், சின்னவை முந்திப் பறந்துவிடும், முகிலுக்குள் புகுந்தால் ஆளையாள் தொலைத்துவிடுவார்கள். அதற்கு நிரோஜினி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தொலைந்தால் பிரகாஸ் தன் தரையிறங்கும் விளக்கை இரண்டு தரம் மினுக்கவேண்டும். மற்றவர்கள் அதைப் பார்த்து வந்து சேருவார்கள்.

ஆறு வருடம் பாடுபட்டு, அகில இலங்கைக் கணினி வான்சண்டைப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்தார்கள். பதிவு செய்த கழகங்கள் மட்டுமே அதில் பறக்கலாம் என்று அறிவித்தல் வந்தது. நிரோஜினி படிவத்தை நிரப்பிக்கொண்டு கழகங்களைப் பதியும் அலுவலகத்துக்குப் போனாள்.

உத்தியோகத்தர் செபநாயகம் படிவத்தை வாசித்தார். ‘குண்டுவீச்சு விமானம்’ என்ற இடம் வந்ததும் பழக்கதோசத்தில் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“பிள்ளை, உதுகளை எங்கை நிப்பாட்டி வைச்சிருக்கிறியள்?”

“கொம்பியூட்டருக்குள்ளை ஐயா. விளையாட்டு.”

“விளையாட்டெண்டால் மைதானம் எங்கை?”

“மைதானம் இல்லை ஐயா. வானம்.”

“வானத்துக்குக் காணி உறுதி ஆற்றை பேரிலை?”

அவர் ‘உறுதி இல்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த பக்கம் போனார்.

“ஆகாயத்திலை போகேக்கை ஏன் தரையிறங்கும் விளக்குப் போடுறியள்?”

“கூட வாறவைக்கு அடையாளம் காட்ட ஐயா.”

“இறங்கிறன் எண்டு விளக்கைப் போட்டிட்டு இறங்காமல் போறதோ? அது பொய் அறிவித்தல், பிள்ளை.”

“ஐயா, சண்டையிலை...”

“சண்டைக் காலத்திலை பிளேன் சத்தம் கேட்டால் வீட்டு லைற்றை நூர்த்துப்போட்டு பங்கருக்குள்ளை கிடந்தவன் நான். லைற் விசயத்திலை நான் விளையாடுறேல்லை.”

அவர் சிரிக்கவில்லை. அவளாலும் சிரிக்க முடியவில்லை.

இரண்டு கிழமையில் பதிவுச் சான்றிதழ் வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: ‘மேற்படி விடயம் தொடர்பில், கலப்பு அணியாகப் பறக்கும் சகல விமானங்களும் பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டுத் தரையிறங்கும் விளக்கை எந்நேரமும் எரியவிடல் வேண்டும். அவ்வாறு எரியவிட்ட விமானம் பத்து நிமிடங்களுக்குள் அண்மையிலுள்ள தளத்தில் தரையிறங்குதல் வேண்டும். தவறின் பதிவு இரத்தாகும்.’

“விளக்குப் போட்டால் எதிரி சுடுவான். போடாட்டில் பதிவு போகும்” என்றான் ஜெஸீம்.

“சுட்டால் அடுத்த வருசமும் வரலாம். பதிவு போனால் வரேலாது” என்றாள் நிரோஜினி.

ஞாயிறு காலை பத்து மணிக்கு இறுதிச் சுற்று. கடமையை மேற்பார்வை செய்யச் செபநாயகம் கடுதாசிக் கோவையோடு வந்து, பின்னால் கதிரை போட்டு இருந்தார். மூன்று விமானங்களும் கோயில் திருவிழாப்போல வெளிச்சம் போட்டுக்கொண்டு கிளம்பின. வழியில் எதிரிகள் ஐந்து பேர் எதிரே வந்தார்கள். எதிரிகள் சுடவில்லை. சண்டைக்கு வருகிற எவனும் விளக்குப் போட்டு வரமாட்டான், ஆகவே இவர்கள் தங்கள் ஆட்களாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்து விலகிப் போனார்கள்.

“ஒன்பது நிமிசம் ஆச்சுது. இறங்குங்கோ” என்றார் செபநாயகம்.

“ஐயா, கிட்டடியிலை இருக்கிறது எதிரியின்ரை தளம்!” என்று பிரகாஸ் கத்தினான்.

“ஆற்றை தளம் எண்டு சுற்றறிக்கையிலை இல்லைத் தம்பி.”

இறங்கினார்கள். தளத்தில் ஒரு காகம்கூட இல்லை. எதிரிகள் எல்லோரும் இவர்களுடைய தளத்தைத் தேடிப் போயிருந்தார்கள். ஒரு அணி முழுவதும் எதிரியின் தளத்தில் இறங்கி நின்றால் அந்தத் தளம் பிடிபட்டதாகக் கணக்கு. ஒரு குண்டும் போடாமல் மருதனார்மடம் வென்றது. மேல்மாடி அதிர மூவரும் துள்ளினார்கள். செபநாயகம் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

வென்ற முறை என்பதால் சுற்றறிக்கையை ஏற்பாட்டாளர்கள் எல்லா அணிகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். அதை விளக்கிச் சொல்ல நிரோஜினியைக் கௌரவ ஆலோசகராக நியமித்து, மேசையும் முத்திரையும் கொடுத்தார்கள்.

அடுத்த வருடம் பதினாறு அணிகள் விளக்கோடு கிளம்பி, பத்தாவது நிமிடம் ஒன்றின் தளத்தில் மற்றது இறங்கி நின்றன. வானத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் எல்லோருடைய தளத்தையும் பிடித்திருந்தபடியால் பதினாறு அணிகளும் வென்றன, பதினாறும் தோற்றன. மத்தியானத்துக்கு முன்பே பார்க்க வந்த சனம் கலைந்துவிட்டது.

ஜெஸீம் நிரோஜினியின் மேசைக்கு வந்தான்.

“தங்கச்சி, உது விசர் வேலையெண்டு உமக்கும் விளங்குதுதானே?”

“ஓம் அண்ணை, வடிவா விளங்குது” என்றாள் நிரோஜினி, முத்திரையை மையில் தொட்டபடி. “எழுத்திலை தாங்கோ. மூண்டு பிரதி.”