புளிச்சைப் பாத்தியும் போலீஸ் ட்ரோனும்

அன்றைக்கு என் வீட்டு வாசலில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எடுத்தாலே "நானும் அங்கதான் இருந்தேன்" என்று புதிதாக ஒருவர் கிளம்புகிறார்.

என் வீட்டுக்காரர் காளி. கையில் பால் சொம்பு. (கடைசிவரை அதைக் கீழே வைக்கவில்லை.)

நாத்தனார் மங்கம்மா. என் வீட்டுக்காரருக்கு அக்கா. மலைக்குக் கீழே குப்பம் என்ற ஊருக்கு வாக்கப்பட்டவர்.

ரகுமான் பாய். வாணியம்பாடியிலிருந்து பலாப்பழம் ஏற்ற வந்தவர்.

ஓர் எஸ்.ஐ.

ஓர் ஏட்டு. மேடு ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

ஒரு போலீஸ்காரர். கழுத்தில் ரிமோட் தொங்கியது. அழுகிற நிலையில் இருந்தார்.

நான். கையில் கவண்.

வேறு யாரும் இல்லை. ஆடு இருந்தது. அதைச் சேர்க்கவில்லை.

எனக்குப் பேச்சு வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மலையில் புதூர்நாட்டிலிருந்து இன்னும் மேலே ஏறினால் எங்கள் ஊர். பேச்சு இல்லாதவளுக்கு அமைதியானவள் என்று பெயர் கிடைக்கும். அது தப்பு. பேசாதவளுக்கு உள்ளே வீம்பு கூடுதலாக இருக்கும். எனக்கு மூட்டையாக இருந்தது.

வீம்பு புளிச்சக்கீரையில் ஆரம்பித்தது.

ஆடி மாதம் எங்கள் ஊர் அம்மனுக்குக் கும்பிடு. அன்றைக்கு ஊருக்கே கேழ்வரகுக் களியும் புளிச்சைக் கடைசலும். பெரிய அண்டாவில் காய்ச்சுவார்கள். கீரை மட்டும் ஒரே வீட்டிலிருந்துதான் போக வேண்டும். பல வீட்டுக் கீரை கலந்தால் அம்மன் ஏற்க மாட்டாள் என்று பேச்சு. மாமியார் இருந்தவரை எங்கள் வீட்டுக் கீரை போனது. அவருக்குப் பிறகும் எங்கள் வீட்டுக் கீரைதான். ஆனால் விதை என்னுடையது. என் பிறந்த ஊரிலிருந்து நான் மடியில் கட்டி எடுத்து வந்த பச்சைத் தண்டுப் புளிச்சை.

அந்த வருஷம் மங்கம்மா வந்து மடக்கினார்.

"அண்டாவுல போறது எங்கம்மா கீரை. எங்கம்மா வெதை எங்கிட்ட கீது. செவப்புத் தண்டு. நீ போட்டு வெச்சிருக்கறது ஒங்கம்மா வூட்டுது."

"இதான் நல்லாருக்கும்" என்றேன்.

"யாரு சொன்னா?"

எனக்கு எப்போதும் பதில் மறுநாள்தான் வரும்.

பலாப்பழத்தை எடை போட்டுக்கொண்டிருந்த ரகுமான் பாய் நடுவில் வந்தார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் போடுங்கள், ஒரே மண், ஒரே தண்ணி, ஒரே நாளில் கடைந்து பார்த்துவிடலாம் என்றார். தானும் ஒரு விதைப் பாக்கெட் கொடுத்தார். கடையில் விற்பது. படத்தில் இலை கண்ணாடி மாதிரி மின்னியது. தீர்ப்பு அவர் சொல்ல வேண்டும் என்று ஆனது. ஜெயித்த கீரைதான் இனி வருஷா வருஷம் அண்டாவுக்கு.

நான் தலையாட்டினேன். வீட்டில் இருந்த பச்சைத் தண்டு விதை மொத்தத்தையும் மண்ணில் போட்டேன். ஒரு பிடிகூட மீதி வைக்கவில்லை. புத்தியுள்ளவள் வைத்திருப்பாள்.

வீட்டுக்குப் பின்னால் மூன்று பாத்தி. மழை நல்ல மழை. மூன்றும் முளைத்தது. பாக்கெட் கீரை முதலில் எழும்பிப் பிறகு நோஞ்சானாக நின்றது. சிவப்புத் தண்டு உயரமாக வந்தது. என்னுடையது குட்டை. ஆனால் அடர்த்தி. மூன்றுக்கும் ஒரே எரு என்று ஒப்பந்தம். என் பாத்திக்கு இரண்டு கூடை ஆட்டுப் புழுக்கை கூடுதலாகப் போனது. (மங்கம்மா இதைப் படிக்க மாட்டார். படித்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. சட்டி காலியாகிவிட்டது.)

அந்தப் புழுக்கையை யாரும் பார்க்கக் கூடாது. மங்கம்மாவுக்கு ஊரெல்லாம் சொந்தம். என் கீரை எத்தனை இலை விட்டது என்பது குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் பாத்தியைச் சுற்றிக் கம்பு நட்டுப் பழைய புடவைகளைக் கட்டினேன். சுவர் மாதிரி. வாசல் பக்கம் ஒரு முள் படல். உள்ளே என்ன என்று யார் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்றேன்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். காட்டு ஓரம். நாலு பக்கமும் மறைப்பு. உள்ளே வரிசையாகச் செடி. கேட்டால் ஒண்ணுமில்லை. நான் போலீஸாக இருந்தால் நானே என்னைப் பிடித்திருப்பேன்.

தீர்ப்பு நாளன்று காலையிலேயே மங்கம்மா வந்துவிட்டார். பாய் வாசலில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் கீரை பறிக்கப் பாத்திக்குள் போனேன். தலைக்கு மேலே வண்டு மாதிரிச் சத்தம். பார்த்தேன். நாலு இறக்கை வைத்த ஒன்று பலா மரத்து உயரத்தில் நின்று என் பாத்தியையே பார்த்தது. கீழே இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கியது.

மங்கம்மாவின் மகன் ஓசூரில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அவனிடம் இந்த மாதிரி ஒன்று உண்டு. என் அக்கா மகள் கல்யாணத்தில் பந்தல் மேலே விட்டுக் கோழியை எல்லாம் ஓட வைத்தவன்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகனை விட்டு என் எருவை வேவு பார்க்கிறார்.

சாமைக் கொல்லையில் கிளி விரட்டுகிற கவண் படலில் தொங்கியது. பன்னிரண்டு வயசிலிருந்து பரண் மேல் நின்று சுழற்றிய கை. கல்லை வைத்தேன். சுழற்றினேன். விட்டேன்.

அது சிவப்புத் தண்டுப் பாத்தியில் வந்து விழுந்தது. அதற்காக நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மலைப் பாதை வளைவுக்குக் கீழேதான் போலீஸ் ஜீப் நின்றிருக்கிறது. காட்டில் கஞ்சா போட்டிருக்கிறார்களா என்று ட்ரோன் விட்டுப் பார்க்க வந்தவர்கள். சீக்கிரமே ஏறி வந்துவிட்டார்கள். ரிமோட்காரர் ஓடிப்போய் அதை இரண்டு கையாலும் தூக்கினார், மரத்திலிருந்து விழுந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரி.

எஸ்.ஐ. பாத்தியைப் பார்த்தார். புடவைகளைப் பார்த்தார். (அதில் ஒன்று என் முகூர்த்தப் புடவை.) என் கையைப் பார்த்தார்.

"நீதான் அடிச்சியா?"

"ஆமாங்க."

"இன்னா செடி இது?"

"புளிச்சை."

அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். விரல் விரித்த கை மாதிரி இலை. ஓரத்தில் ரம்பப் பல்.

"நல்லா பாத்து சொல்லு. உள்ள இருக்கறது இதானே?"

பார்த்தேன். அப்படியே என் கீரைதான். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"இதேதாங்க" என்றேன்.

என் வீட்டுக்காரரின் சொம்பில் பால் அலை அடித்தது.

"சார், அது கஞ்சா படம் சார்" என்றார் பாய். "தங்கச்சி, வாயத் தொறக்காத. நீ பேசாம இருக்கறதே நல்லது."

இருபது வருஷத்தில் என்னிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்.

எஸ்.ஐ. மங்கம்மா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இது கீரையா, இல்லியா?"

மங்கம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

"அந்த செவப்புத் தண்டு என்னுதுங்க. அது கீரை. இவளுது இன்னான்னு எனக்குத் தெரியாது."

"அக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னாடா அக்கா? தெரிஞ்சத சொன்னேன்."

"செவப்ப வுட்டுட்டு மீதிய புடுங்குய்யா" என்றார் எஸ்.ஐ. ஏட்டு குனிந்து என் முதல் செடியைப் பிடித்தார். புளிச்சைத் தண்டில் பூமுள் உண்டு. கையை உதறினார். மறுபடி துண்டைச் சுற்றிக்கொண்டு குனிந்தார்.

வீட்டில் விதை இல்லை. பிறந்த ஊரில் அந்தக் கொல்லை இப்போது வேறு யார் கையிலோ. இந்தப் பாத்தி போனால் பச்சைத் தண்டு போச்சு. அண்டா போச்சு. நான் ஸ்டேஷனுக்குப் போவதுகூட அப்போது நினைவில் இல்லை.

வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"மூணையும் கடையறேன். தின்னு பாருங்க. கீரை இல்லன்னா செடியும் புடுங்குங்க, என்னையும் இட்டுனு போங்க."

ஏட்டு நிமிர்ந்தார். மேடு ஏறி வந்தவர். "களி உண்டா?" என்றார்.

மூன்று சட்டி வைத்தேன். மூன்று பாத்தியிலும் பறித்தேன். பச்சை மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம். மங்கம்மா அடுப்படிக்கே வந்து நின்றார். வெளியில் போலீஸ். அவருக்கு அது பிரச்சினை இல்லை.

"உப்பு மூணுலயும் ஒரே அளவு போடு. நான் பாத்துனு தான் கீறேன்."

"நீயே போடு" என்றேன்.

அவரே போட்டார். கடைந்தேன். கடலெண்ணெயில் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தேன். வாசலுக்கு மூன்று சட்டியும் களியும் வந்தது. எந்தச் சட்டி யாருடையது என்று நான் சொல்லவில்லை. பேச்சு வராததில் உள்ள நன்மை அது.

"முதல்ல நீ தின்னு" என்றார் எஸ்.ஐ.

தின்றேன். மூன்றிலும். தின்றுவிட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஏன் பேச்சையே காணோம்?" என்றார் எஸ்.ஐ. "கண்ணு வேற செவந்து கெடக்குது."

"கண்ணு அடுப்புப் பொகைங்க" என்றார் என் வீட்டுக்காரர். "பேச்சு கல்யாணத்துலேருந்தே இப்டித்தாங்க."

"ஒரு தடவ சிரிச்சு காட்ட சொல்லுய்யா."

"அத நானே பாத்ததில்லீங்க."

தாளிப்பு வாசனை ஏட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தது. "சார், நான் பாத்துடறேன் சார்" என்று உட்கார்ந்துவிட்டார்.

முதல் சட்டி. "சுடுதண்ணில எலய போட்ட மாதிரி கீது." பாய் மேலே மரத்தைப் பார்த்தார். அது அவர் பாக்கெட்.

இரண்டாவது சட்டி. "ம். நல்லாருக்குது. புளிப்பு கொஞ்சம் முந்திக்குது. நாக்கு கூசுது." மங்கம்மாவின் உதடு மடிந்தது.

மூன்றாவது சட்டி. ஏட்டு களியில் குழி பறித்துக் கடைசலை ஊற்றினார். தின்றார். இன்னோர் உருண்டை கேட்டார். அதையும் தின்றார். நடுவில் நிமிரவில்லை.

எஸ்.ஐ. பொறுத்துப் பார்த்தார். பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ரிமோட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று பேரின் கையும் ஒரே சட்டிக்குப் போனது. கடைசியில் ஏட்டு சட்டியைச் சாய்த்து வழித்தார்.

"அந்த சட்டி யாருது?" என்றார் எஸ்.ஐ.

"என்னுது" என்றேன்.

மங்கம்மா விடவில்லை. "பசில வந்தவங்க தின்னதெல்லாம் ஒரு தீர்ப்பா? பாய், நீ சொல்லு. நீதான் சொல்லணும்னு பேச்சு."

பாய்க்கு எங்கள் பலாவும் வேண்டும், மங்கம்மாவின் மாந்தோப்பும் வேண்டும். காலையிலிருந்து அந்தக் கவலையில்தான் இருந்திருக்கிறார். இப்போது முகம் தெளிந்தது.

"போலீஸே சொல்லிட்டாங்க அக்கா. அதுக்கு மேல நான் யாரு?"

எஸ்.ஐ. கை கழுவிக்கொண்டே என்னைக் கேட்டார். "சரிம்மா. கீரைதான். ஆனா ட்ரோன ஏன் அடிச்சே?"

"நாத்தனார் மவன்துன்னு நெனச்சேன்."

மங்கம்மா எழுந்துவிட்டார். "எம்புள்ளதுன்னு நெனச்சா அடிச்சே?"

"ஆமா."

எஸ்.ஐ. முகத்தைத் துடைப்பது போலத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டுக்குள் தோள் குலுங்கியது. இறக்கை இரண்டுதான் உடைந்திருந்தது. ரிமோட்காரரிடம் மாற்று இறக்கை இருந்தது. மாட்டி, பறக்கவிட்டுப் பார்த்தார். பறந்தது. அதுவரை என் கவணை ஏட்டு வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். இனிமேல் வானத்தில் எதையும் அடிக்க மாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள். கிளியை அடிக்கலாமா என்று கேட்டேன். கிளி பரவாயில்லை என்றார்கள்.

போகும்போது எஸ்.ஐ. ஒரு கட்டுக் கீரை கேட்டார். பச்சைத் தண்டுதான் கேட்டார். மங்கம்மாவுக்கு எதிரில் கேட்டார்.

அந்த ஆடியில் அண்டாவில் போனது என் கீரை. அடுத்த வருஷமும். இந்த வருஷமும். மங்கம்மா வருகிறார், இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுகிறார், உப்பு கம்மி என்கிறார். போன தையில் என் கொல்லையில் காய்ந்த நெற்றை நெருடி விதையை முந்தானையில் முடிந்துகொண்டதைப் பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பேச்சு வராதே.

புடவை மறைப்பை எடுத்துவிட்டேன். ரிமோட்காரர் இப்போதும் மலைக்கு வருகிறார். வருவதற்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குப் போன் வரும். "அண்ணே, நாளைக்கு மேல பறக்க வுடறோம். அக்காகிட்ட சொல்லிடுங்க."

மங்கம்மாவின் மகன் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும், ட்ரோன் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் பந்தலைச் சுற்றிப் பார்ப்பான். "அத்தை வந்துகிறாங்களா?" வந்திருந்தால் கேமராவைக் கையிலேயே வைத்து எடுப்பான்.

பந்தியில் யாராவது புதியவர் இருந்தால் கதையை எடுத்துவிடுவார்கள். ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். உயரம் கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் என்னிடம் வந்து கேட்பார்கள், அதை இறக்க எத்தனை கல் விட்டீர்கள் என்று. அதற்கு மட்டும் எனக்கு உடனே பதில் வரும்.

ஒன்று.