மத்தியஸ்தர் வீட்டுச் சம்பந்தம்

என் மகளை எந்த வீட்டுக்கும் கட்டிக்கொடுப்பேன் என்று கட்டுகஸ்தோட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். யாழ்ப்பாணமோ, மலைநாடோ, கொழும்போ, கவலையில்லை. சைவமோ வேதமோ, அதுவும் கவலையில்லை. சாதகம்கூடப் பார்க்க மாட்டேன். ஒரேயொரு நிபந்தனை. றெஃபரி வீட்டுச் சம்பந்தம் மட்டும் வேண்டாம்.

சிரிக்காதீர்கள். உதைபந்தாட்டம் தெரியாதவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் விளங்காது. நான் நீலத்தும்பி யுனைட்டட்டின் ஆள். எங்கள் அணி விளையாடித் தோற்றதாகச் சரித்திரமே இல்லை. தோற்றதெல்லாம் விசிலால்தான். எங்கள் பொடியன் எதிரணிக்காரன் மேல் மூச்சு விட்டால் ஃபவுல். எதிரணிக்காரன் எங்கள் பொடியனின் காலைக் கழற்றிக் கையில் கொடுத்தாலும் ஆட்டம் நடக்கும். இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்க நான் என்ன கோல் கம்பமா?

வேலை பார்க்கிற கந்தோரில் நான் வாயில்லாப் பூச்சி. வீட்டில் அந்தப் பூச்சிக்கும் கீழே. ஞாயிற்றுக்கிழமை மைதானத்து ஓரத்தில் மட்டும்தான் எனக்குத் தொண்டை திறக்கும்.

அன்றைக்கு வத்தேகமவில் அரையிறுதி. தொப்பியைப் போட்டுக்கொண்டு பூனை மாதிரி வாசலைத் தாண்டும்போது மனுசி லீலாதேவி குசினியிலிருந்து கரண்டியோடு வந்தாள். அவள் கண்டி டவுன்காரி. தகப்பன் கடை வைத்திருந்தவர். நான் யாழ்ப்பாணத்தான். கல்யாணம் கட்டின நாளிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் ஓடுகிறது. அவளுடைய தமிழ்தான் எப்போதும் முந்தி ஓடும்.

"என்னாங்க, மேட்சுக்குத்தானே கெளம்பிட்டீங்க?"

"ஓம்" என்றேன். பாதி ஓம்தான் வெளியே வந்தது.

"போங்க, போங்க. நல்லதாப் போச்சு. நம்ம கஜாலினிக்குப் பாத்திருக்கோமே, பேங்க்ல அவகூட வேலை செய்யிற பையன், இளங்கோ. அவங்கப்பா ஜனார்த்தனன் இன்னிக்கு அங்கதான் நிப்பாராம். பாத்து நல்லாப் பேசிட்டு வந்துருங்க."

"அந்த மனுசன் என்ன செய்யிறவர்?"

"மாஸ்டரா இருந்து பென்ஷன் எடுத்துட்டாரு. இப்ப மத்தியஸ்தரா இருக்காரு."

மத்தியஸ்தர்! நான் நிமிர்ந்துவிட்டேன். மத்தியஸ்த சபை என்றால் சும்மாவா? வேலிச் சண்டை, வாய்க்கால் சண்டை, புருசன் பெண்சாதி சண்டை எல்லாவற்றையும் இருத்தி வைத்துத் தீர்க்கிற பெரிய மனுசர்கள். நாளைக்கு எனக்கும் லீலாவுக்கும் ஒன்று என்றால் முறைப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை, சம்பந்தியே இருக்கிறார்.

"ஆளை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"தேடவே வேணாங்க. எல்லார் கண்ணும் அவரு மேலதான் இருக்கும்."

வத்தேகமவில் இறங்கியதும் அப்படியான ஆளைத்தான் தேடினேன். மைதானத்து ஓரத்தில் ஒரு பந்தல். பந்தலுக்குள் துணி விரித்த கதிரை. கதிரையில் தங்கக் கரை மூக்குக்கண்ணாடியோடு ஒருவர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு தீர்ப்புக் களை. இவர்தான் என்று முடிவு கட்டினேன். ஆட்டம் முடிய, நானே போய் வணக்கம் சொல்லிக் கதைப்போம் என்று மனதுக்குள் ஒத்திகையும் பார்த்தேன்.

ஆட்டம் முடிகிற நேரத்தில்தான் அந்தக் கொடுமை நடந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் பொடியன் பந்தை வாங்கினான், திரும்பினான், அடித்தான். வலை குலுங்கியது. நான் துள்ளிக் குதித்துப் பக்கத்தில் நின்று கடலை விற்ற கச்சான்காரரைக் கட்டிப் பிடித்தேன். கச்சான் எல்லாம் கொட்டுப்பட்டது. அப்போது விசில். ஓஃப்சைட்!

ஓஃப்சைட்டா? அவனுக்கும் கோலுக்கும் நடுவில் எதிரணிக்காரர் கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாக நின்றார்கள்! எனக்குக் கண் இருண்டது. வாய் மட்டும் நன்றாக வெளித்தது.

"டேய் றெஃபரி! கண்ணை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு வந்தனியோ? ஊதத் தெரிஞ்சால் போய் அடுப்பை ஊது! உன்ர பேரப்பிள்ளையும் ஓஃப்சைட்டிலதான்ரா பிறக்கும், இருந்து பார்!"

மைதானமே சிரித்தது. றெஃபரி திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த நிமிடம் எதிரணி ஒரு கோல் போட்டது. அதற்கு விசில் மிக அழகாக ஊதப்பட்டது.

ஆத்திரத்தில் பஸ் ஏறியவனுக்குத் தங்கக் கரைக் கண்ணாடியே மறந்துபோயிற்று. வீட்டு வாசலில் லீலா காத்துக்கொண்டு நின்றாள்.

"பேசினீங்களா?"

"பேசாமல் வருவனோ? நல்லா வடிவாப் பேசிப்போட்டுத்தான் வந்தனான்!"

"அவரு என்ன சொன்னாரு?"

"என்னத்தைச் சொல்லுறது? வாயே திறக்கேல்லை."

"அம்புட்டு அமைதியா! குடும்பத்தைப் பத்தியெல்லாம் பேசினீங்களா?"

"பேரப்பிள்ளை வரைக்கும் பேசினனான்!"

"அடேயப்பா! பேரப்பிள்ளை வரைக்குமா? அப்ப முடிவே பண்ணிட்டீங்க!" என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் 'கதைப்பது' என்றால் கதைப்பது. 'பேசுவது' என்றால் ஏசுவது. லீலாவின் தமிழில் பேசுவது என்றால் வெறும் பேச்சு. அவள் சம்பந்தியைக் கேட்கிறாள், நான் றெஃபரியைச் சொல்கிறேன். உடனே திருத்தியிருக்கலாம். "ஒரு வேலை சொன்னா செய்யத் தெரியுதா" என்று அவள் தொடங்கினால் முடிய நாளாகும். பேசாமல் சேர்ட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்கு வர்றாங்க" என்று பின்னால் குரல் வந்தது.

அந்த மனுசன் வந்து உட்கார்ந்து, 'உங்களை நான் கண்டதேயில்லையே' என்று சொன்னால் என் கதி? அதற்கு முன் அவரைச் சந்தித்து ஒரு ஒழுங்கு செய்துவிட வேண்டும். மகளிடம் மெல்லப் போனேன்.

"பிள்ளை, இளங்கோவின்ர தகப்பனின்ர படம் ஏதும் உம்மட்ட இருக்கோ?"

கஜாலினி கதைப்பது தாயின் தமிழ்தான். போனை நீட்டினாள். "இதாப்பா மாமா."

தங்கக் கரைக் கண்ணாடி இல்லை. கதிரை இல்லை. சோடாவும் இல்லை. மெலிந்த மனுசன். கறுப்புச் சேர்ட். கழுத்தில் விசில்.

"மத்தியஸ்தர் எண்டல்லோ சொன்னவை?"

"ஆமாப்பா. பேப்பர்ல ஸ்போர்ட்ஸ் பக்கத்துல றெஃபரியை மத்தியஸ்தர்னுதானே போடுறாங்க. நீங்க தெனமும் வாசிக்கிறீங்களே!"

வாசிக்கிறேன்தான். அந்தச் சொல்லைக் கண்டால் கோபத்தில் தாண்டிப் போய்விடுவேன். நான் போனைக் கவிழ்த்து வைத்ததைக் கண்டு மகள் வேறு மாதிரி விளங்கிக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியது.

"றெஃபரி வீடு வேணாம்னு சொல்வீங்கன்னு தெரியும்பா. ஆனா எனக்கு இளங்கோவை விட்டா வேற யாரும் வேணாம். உங்களுக்குப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிருங்க."

என்னத்தைச் சொல்வது? என்னுடைய நிபந்தனை எந்தப் பக்கத்தால் ஓடியது என்றே தெரியவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லும் நிலையிலா இருந்தேன்? 'இந்த வாயன் வீட்டுப் பெண் எங்களுக்கு வேண்டாம்' என்று அந்த மனுசன் அல்லவா சொல்லப்போகிறார்! கண்ணை அலுமாரியில் பூட்டியதைக்கூட மன்னிப்பார். பிறக்காத பேரப்பிள்ளையை இழுத்தவனை யார் மன்னிப்பார்கள்? நான் ஏசிய ஏச்சுக்கு என் பிள்ளை அழப்போகிறாளே என்று நினைக்க எனக்கே அழுகை வந்தது.

அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. குசினியில் குக்கர் விசில் அடித்தால் உடம்பு தூக்கிப் போட்டது. கடைசியில் கந்தோர் மேசையில் ஒரு திட்டம் பிறந்தது. அந்த மனுசனுக்குத் தெரிந்தது இரண்டே விசயம். பெரிய மீசை வைத்த ஒரு முகம். யாழ்ப்பாணத் தமிழில் ஏசிய ஒரு வாய். இரண்டையும் மாற்றிவிட்டால் நான் யாரோ!

சனிக்கிழமை மீசையை வழித்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னோடு இருந்த மீசை. லீலா எத்தனை தரம் எடுக்கச் சொல்லியும் எடுக்காத மீசை. குளியலறைக் கண்ணாடியில் தோலுரித்த வெங்காயம் ஒன்று என்னைப் பார்த்து விழித்தது.

"ஐயோ, என்னாங்க இது!" என்றாள் லீலா.

"வெக்கை" என்றேன். வெளியே கண்டி மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

"ரொம்ப அழகா இருக்கீங்க" என்று அவள் சொன்னபோது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் பாசை பழகுவதில் மும்முரமாக இருந்தேன்.

"லீலா, கொஞ்சம் டீ குடுக்கிறீங்களா?"

"என்னது! குடுக்கிறீங்களாவா?"

"உங்க பாசைக்கு ஒரு மரியாதைதானுங்க."

அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஜனார்த்தனன், அவர் மனைவி, இளங்கோ. நான் கைகூப்பிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"வாங்க, வாங்க! உக்காருங்க! பஸ்லயா வந்தீங்க? மழைங்களா?"

அவர் கதிரையில் அமர்ந்து என்னையே பார்த்தார். கூர்மையான கண். அந்தக் கண்ணுக்கு எங்கள் கோல் மட்டும் ஏன் தெரியவில்லை என்று கேட்க நாக்கு துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நீங்க யாழ்ப்பாணம்னு சொன்னாங்க. எங்களாட்டமே பேசுறீங்களே?"

"இங்கனயே ரொம்ப காலமா இருக்கேனுங்களே, அதானுங்க."

அது எந்த நாட்டு 'ங்க' என்று எனக்கே தெரியாது. இளங்கோ குனிந்து செருப்பில்லாத காலைப் பார்த்தான்.

"ஃபுட்போல் பாப்பீங்களோ?" என்று கேட்டார் ஜனார்த்தனன்.

"சேச்சே! அந்தக் கருமத்தை யாருங்க பாப்பா?" என்றேன். நீலத்தும்பி யுனைட்டட் என்னை மன்னிக்கட்டும்.

தேநீர் வந்தது. கஜாலினி தட்டோடு நின்றாள். அவர் ஒரு கோப்பையை எடுத்து, ஒரு வாய் குடித்து, மெதுவாகக் கேட்டார்.

"எங்களுக்குப் பொண்ணை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்குப் பூரண சம்மதம்தானா?"

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் பழகின பாசை எல்லாம் பறந்துவிட்டது.

"ஓம்! ஓம்! நூறு தரம் ஓம்! என்ர பிள்ளை சந்தோசமா இருந்தால் அதுவே காணும் எனக்கு!"

ஜனார்த்தனன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்தக் குரல்தான்" என்றார்.

என் உயிர் போய்விட்டது. போன இடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பேரப்பிள்ளை ஓஃப்சைட்ல பிறக்கும்னு சொன்னீங்க. நானும் யோசிச்சுப் பாத்தேன். தலைப்பிரசவம் பொண்ணு வீட்டுலதானே? எங்க சைட்ல இல்லையே, உங்க சைட்லதானே பிறக்கப்போகுது. அப்ப எனக்கு அது ஓஃப்சைட்தான். உங்க தீர்ப்பு சரிங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வாழ்நாளில் ஒரு றெஃபரி என் தீர்ப்பை ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். கொண்டாடக்கூட முடியவில்லை.

"மீசையை எடுத்தும் என்னை எப்பிடி மட்டுக்கட்டினனீங்கள்?" என்றேன் ஈனக் குரலில்.

"மீசையா? உங்க முகத்தையே இன்னிக்குத்தான் மொதல் தடவை பாக்கிறேன். மேட்ச் நடக்கையில நான் பந்தைத்தானே பாப்பேன்? உங்க குரலு மட்டும் வருசக்கணக்காப் பழக்கம். அது யாரு குரலுன்னு உங்க வீட்டம்மா போன மாசமே சொல்லிட்டாங்க."

நாள் குறித்து, பலகாரம் சாப்பிட்டு, அவர்கள் போனார்கள். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதுவிட்டு இளங்கோவுக்குப் போன் எடுக்க ஓடினாள். நான் லீலாவின் பக்கம் திரும்பினேன்.

"உமக்கு எல்லாம் முதலே தெரியும், என்ன?"

"றெஃபரி வீட்டுச் சம்பந்தம் வேணாம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. அவங்க நேரா வந்து கேட்டிருந்தா ஒரு ஓம் சொல்லியிருப்பீங்களா? இப்ப நூறு ஓம் சொன்னீங்க."

"அதுக்காக, நான் ஏசுவன் எண்டு தெரிஞ்சுகொண்டே அனுப்பினனீரோ?"

"உங்க ஊருல பேசுறதுன்னா என்னான்னு இத்தனை வருசத்துல எனக்குத் தெரியாதா? அதான் 'நல்லாப் பேசிட்டு வாங்க'ன்னு சொல்லி அனுப்பினேன்."

மூக்குக்குக் கீழே தடவிப் பார்த்தேன். வெறுமை.

"அப்ப என்ர மீசை?"

லீலா வெற்றுக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிக்கு நடந்தாள்.

"அதுக்கு நான் ஒண்ணுமே பண்ணலைங்க. அது நீங்களாப் போட்டுக்கிட்ட சேம் சைட் கோல்."