கோடில்லாத வீட்டை வாங்காதே

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் ஆண்டவன் அருளால் நலம், கூரையும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நீங்கள் குடியிருக்கும் கட்டடமும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் இதே வரிசையில் வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் நான்கு வீடு தள்ளிக் கேட்கும்படி பேசுவேன் என்று உனக்குத் தெரியும். தரகர் காதுக்குப் போய்விடும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எங்கள் ஊருக்கே வந்து எங்களோடு இருக்கப் போகிறாய், மேட்டுத் தெருவில் ஒரு வீடு பார்த்துவிட்டாய், பதினெட்டாம் தேதி பத்திரத்தில் கையெழுத்துப் போட வருகிறாய் என்று எழுதியிருந்தாய். நீ வருவது சந்தோஷம். கையெழுத்து மட்டும் போடாதே. உன் முப்பது வருட உழைப்பு மொத்தமும் அந்த நாலு சுவருக்குள் போகப் போகிறது, ஆகவே கேள். எங்கள் ஊரில் ஆறு பெருகி வீட்டுக்குள் வந்து போகும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் நின்ற உயரத்தில் சுவரில் நீலக் கோடு போட்டு, வருடத்தை எழுதிவைப்பது வழக்கம். எங்கள் கூடத்தில் ஐந்து கோடுகள் இருக்கின்றன. முதல் கோடு முழங்காலுக்கு, அது நான் வாழ வந்த வருடம். மூன்றாவது, உன் அத்தான் கட்டிலோடு மிதந்து சமையலறை வரை போய்க் காபி கேட்ட வருடம். நான்காவது, நான் பிரார்த்தனைப் புத்தகம் வைக்கும் அலமாரிக்கு ஒரு விரல் கீழே. அதற்கு மேல் ஏற ஆற்றுக்கே தைரியம் வரவில்லை என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். ஐந்தாவது, அலமாரிக்கு ஒரு சாண் மேலே. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. இவை போக முப்பத்தொரு வருடத்துக் காற்று, இடி, நிலநடுக்கம் எல்லாவற்றுக்கும் நோட்டில் கணக்கு இருக்கிறது. சூறாவளி மூன்று, அதில் ஒன்று பள்ளிக்கூடத்துக் கூரையைப் பெயர்த்துக் காவல் நிலைய வாசலில் ஒப்படைத்தது. நிலநடுக்கம் ஒன்று, பதினொரு வினாடி. பால் சிந்தியது, உன் அத்தான் எழுந்திருக்கவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் நீ பார்த்த வீட்டில் ஒரு கோடுகூட இல்லை! நேர்மையான வீடாக இருந்தால் ஒன்றாவது இருக்க வேண்டாமா? திங்கட்கிழமை ஈரத்துணியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு நானே போனேன்.

"என்னம்மா தேடறீங்க?" என்றார் தரகர்.

"கோடு."

"இங்க கோடே கிடையாதேம்மா."

"அதான் தேடறேன்."

தேய்த்துப் பார்த்தேன். மேல் பூச்சு வந்தது, அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று. "அம்மா, இன்னும் தேய்ச்சா பக்கத்து வீட்டுக்குள்ள போயிடுவீங்க" என்கிறார். "மறைக்க ஒண்ணும் இல்லேன்னா எதுக்கு இத்தனை பூச்சு?" என்று கேட்டேன். "வருஷத்துக்கு ஒருதரம் வெள்ளையடிச்சா பூச்சு ஏறத்தானேம்மா செய்யும்." எதைக் கேட்டாலும் கையில் பதில் தயாராக வைத்திருக்கிற மனிதரை எப்படி நம்புவது, நீயே சொல். பக்கத்து வீட்டுத் தையற்காரியிடம் இந்தத் தெருவில் தண்ணீர் வருமா என்று கேட்டேன். "தண்ணியா? எங்களுக்குக் குழாய்லயே வராதுக்கா!" என்று சிரித்தாள். தரகர் சொல்லிக்கொடுத்த சிரிப்பு.

அங்கிருந்து நேரே நகராட்சி அலுவலகம். பேரிடர்ப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தால் எங்கள் தெருவுக்கு ஒன்பது பக்கம், மேட்டுத் தெருவுக்கு வெறும் தலைப்பு. எழுத்தரைக் கேட்டேன். "ஒண்ணும் நடக்கலைங்க" என்றார். "நடக்கலையா, எழுதலையா?" என்றேன். அவர் சுவரில் இருந்த அபாய வரைபடத்தைக் காட்டினார். எங்கள் தெரு சிவப்பு, கடைத்தெரு மஞ்சள், மேட்டுத் தெரு வெள்ளை. "சாயம் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டதற்கு முகத்தைத் துடைத்துக்கொண்டார். சரி, ஆறு வராவிட்டால் பின்னால் இருக்கிற மலை சரியலாமே என்று கேட்டேன். "அது மலையில்லக்கா, ஒரே பாறை. சரியாது." "இதுவரைக்கும் சரியலையா, இனிமே சரியாதா?" அதற்கு அவர் பேனாவை மூடிவிட்டு, "உங்க தம்பி இங்க வர்றது புடிக்கலேன்னா நேரா சொல்லிடுங்க, பாறை மேல ஏன் பழி போடறீங்க?" என்று கேட்டார். பார்த்தாயா, இவரும் தரகருடைய ஆள்தான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் உன் அத்தானிடம் கொட்டினேன். "கோடு இல்லேன்னா தண்ணி வரலேன்னு அர்த்தம். ஏன் அவனைப் போட்டுக் குழப்பறே?" என்கிறார். "தண்ணி வராத தெருன்னு இந்த ஊர்ல ஒண்ணு இருந்தா, முப்பத்தொரு வருஷமா நாம ஏன் ஆத்தங்கரையில உக்காந்திருக்கோம்?" என்று கேட்டேன். பேப்பரைத் திருப்பி அதே பக்கத்தை மறுபடி படித்தார். அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. ஆகவே தம்பி, பதினெட்டாம் தேதிக்கு எடுத்த பயணச்சீட்டை இன்றே ரத்து செய்துவிடு.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். இடி, மின்னல், வெள்ளம், தரகர் எதுவும் உங்களை அண்டாமல் ஆண்டவன் காப்பாராக.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தபால்காரருக்குப் பதிலாக ஆறு வந்துவிட்டது. பட்டப்பகலில், சொல்லாமல் கொள்ளாமல், இடுப்புவரை. நானும் அத்தானும் நோட்டையும் இந்தக் கடிதத்தையும் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு ஏறினோம். அந்தத் தரகர்தான் பூட்டைத் திறந்துவிட்டு, துவட்டிக்கொள்ளத் துண்டும் கொடுத்தார். மூன்று நாளாக அந்த வீட்டில்தான் இருக்கிறோம். நாலு மூலையிலும் கையை வைத்துப் பார்த்துவிட்டேன், ஈரத்தின் வாசனைகூட இல்லை. நீ வாங்க வேண்டாம் என்று மேலே சொன்னதில் மாற்றமில்லை. நாங்கள் வாங்குகிறோம். உன் முப்பது வருட உழைப்பு உன்னிடமே பத்திரமாக இருக்கட்டும். பயணச்சீட்டை மட்டும் ரத்து செய்துவிடாதே. பதினெட்டாம் தேதி பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து நீதான் போட வேண்டும். இந்தக் காலத்தில் வெளியாட்களை நம்ப முடிவதில்லை.