அதிகாரப்பூர்வப் பார்வையாளர்

மாசுக் குறைப்பு இயக்குநரகத்துக்குக் காலை பத்தரை மணிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. கைபேசியில் வீடியோ ஓடும்போதெல்லாம் எங்கோ ஒரு கட்டடத்தில் கணினிகள் சூடேறுகின்றன. அவற்றைக் குளிரவைக்க மின்சாரம், அந்த மின்சாரத்துக்குப் புகை. இதுவரை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டாம் பத்தியில்தான் மேலிடம் யோசிக்க ஆரம்பித்திருந்தது.

"நாற்பது பேர் தனித்தனியே பார்ப்பதை ஒருவர் பார்த்து, ஏனையோருக்கு வாய்மொழியாக எடுத்துரைத்தால் புகை நாற்பதில் ஒரு பங்காகும் என்பது கண்கூடு. எனவே அலுவலகத்துக்கு ஓர் அதிகாரப்பூர்வப் பார்வையாளர் நியமிக்கப்பட வேண்டும். மற்றவர்கள் வீட்டில்கூட வீடியோ பார்ப்பது தண்டனைக்குரியது."

பதவி தபால் பிரிவு எழுத்தரின் தலையில் விடிந்தது. தகுதி ஒன்றுதான்: அந்த அலுவலகத்தில் பட்டன் போன் வைத்திருந்தவர் அவர் ஒருவரே.

"சார், எனக்குக் கதை சொல்ல வராதே."

"மலைக் கிளையில ஒரு இடம் காலியா இருக்கு," என்றார் இயக்குநர், ஜன்னலைப் பார்த்தபடி. "குளிர் ஒத்துக்குமா?"

எழுத்தருக்கு மறுநிமிடமே கதை சொல்ல வந்துவிட்டது. மலைக் கிளைக்கு ஏறியவர்கள் ஓய்வு பெற்றுத்தான் இறங்கியிருக்கிறார்கள். மனைவி வேறு, "நீங்க ஏறுங்க, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டாள்.

முதல் நாள் மாலை நான்கு மணிக்குக் கூட்ட அறையில் எல்லோரும் கூடினார்கள்.

"ஒரு பூனை. அலமாரி மேல. விழுந்துருச்சு," என்றார் எழுத்தர்.

"அவ்வளவுதானா?"

"பதினேழு செகண்டுதான் சார்."

"விழும்போது மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்றார் தட்டச்சர் அக்கா. "சும்மா சொன்னா எப்படித் தம்பி? விழுந்து காட்டு."

விழுந்து காட்டினார். "இன்னொரு தடவை, மெதுவா" என்றார்கள். மெதுவாக விழுவது எவ்வளவு கடினம் என்பது விழுந்தவருக்குத்தான் தெரியும். இரண்டே வாரத்தில் கை தேர்ந்துவிட்டார். தாளிக்கும் சத்தம், கார் மோதும் சத்தம், நடனத்தில் எட்டுப் பேர், எல்லாம் அவரே. விளம்பரத்தையும் விடாமல் சொல்ல வேண்டும் என்று விதி இருந்ததால் நடுநடுவே பற்பசையும் விற்றார். முழங்காலில் கட்டோடு அவர் நடப்பதைப் பார்த்து, "பூமிக்காக" என்று இயக்குநர் பெருமைப்பட்டார்.

பிறகு, தினமும் அவர் சொல்லிவந்த குடும்பத் தொடரின் கடைசிப் பகுதி வந்தது. மாமியாருக்கு விஷம் வைத்தது யார் என்பது வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். மதியச் சாப்பாடு முடிந்து, தனியறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, எழுத்தர் கணினியைத் திறந்தார். தலைப்புப் பாட்டு தாலாட்டு மாதிரி இருந்தது. கண் விழித்தபோது திரையில் 'நன்றி' என்று ஓடிக்கொண்டிருந்தது. மணி மூன்று ஐம்பத்தெட்டு.

மலை கண்ணுக்குள் வந்து நின்றது. வருவது வரட்டும் என்று அறைக்குள் போய், வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "விஷம் வச்சது சமையல்காரன். மாமியார் பிழைச்சிட்டாங்க. மருமகளைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க."

கண்காணிப்பாளர் வாயைத் திறந்தார், மூடினார். தட்டச்சர் அக்கா பாதி எழுந்து, "இல்லையே, டாக்டர்தானே வச்சாரு..." என்றவர், எல்லோரும் திரும்பிப் பார்க்கவும், இருமிக்கொண்டே உட்கார்ந்தார். முகத்துக்கு முகம் ஒரே தவிப்பு. பொய் என்று தெரியும். தெரியும் என்று சொல்ல வழியில்லை.

இயக்குநர் அவரைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"சமையல்காரனா?"

எழுத்தர் தலை குனிந்தார். "மன்னிச்சிருங்க சார். பார்க்கல. தூங்கிட்டேன்."

"தூங்கிட்டியா?" இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "கடைசிப் பத்து நிமிஷம் என் போன்ல சுத்திக்கிட்டே நின்னுருச்சுய்யா. ஊரே ஒரே நேரத்துல பார்த்தா எப்படி ஓடும்? உன்னைக் கேட்டாத் தெரியும்னு இருந்தேன்."

"அப்போ இந்த ஆபீஸ்ல வீடியோ பார்க்காதது..."

"நீ ஒருத்தன்தான்," என்றார் இயக்குநர். அவருடைய முகம் மெல்ல இறுகியது.

திங்கட்கிழமை ஆணை வந்தது. பணி நேரத்தில் வீடியோ பார்க்காத குற்றத்துக்காக எழுத்தர் மலைக் கிளைக்கு மாற்றப்பட்டார். வீடியோ பயன்பாடு அடியோடு ஒழிந்ததைப் பாராட்டி இயக்குநருக்கு விருது. விழாவை எல்லாக் கிளைகளும் நேரலையில் கண்டுகளிக்க வேண்டும் என்று அதே உறையில் இன்னொரு சுற்றறிக்கை.

எழுத்தர் ஆணையை மனைவியிடம் நீட்டினார். அவள் தன் போனில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்திவிட்டு இரண்டு முறை படித்தாள்.

"மலைமேல சிக்னல் கிடைக்குமா?" என்றாள்.